அஞ்சாவது ஆள் சொன்ன பேரு

உக்காருங்க சிஸ்டர். அது வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போடட்டா? உள்ள அப்புறமாப் போலாம். இப்பத்தான் தொடச்சு, துணி மாத்தி, பவுடர் போட்டு, தலகாணி வச்சுச் சாய்ச்சு உக்கார வச்சிருக்கேன். அந்தச் சத்தமா? அவருதான். எங்க வீட்டுக்காரரு. கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாரு. செவ்வாக்கிழமையிலருந்து இப்படித்தான். நீங்க அதக் கண்டுக்காதீங்க.

நீங்க புதுசா? ஆஸ்பத்திரியிலருந்து முன்னாடி வந்த சிஸ்டர் கல்யாணமாகிப் போயிட்டாங்களா? நல்லாருக்கட்டும். ஆனா உங்க முறை அடுத்த வாரம்ல? ஒரு வாரம் முந்தி வந்திருக்கீங்கன்னா பக்கத்து வீட்டு பாக்கியம் போன் போட்டிருப்பா. சொல்ல வேணாம், உங்க மூஞ்சியே சொல்லுது. அவ நல்லவதான். ரெண்டு நாளா அவதான் அவருக்கு ஊட்டிவிடுறா. கஞ்சி நான் வச்சுருவேன். ஊட்டுறது மட்டும் அவ. எனக்குக் கை வரல.

பேரு கார்டுலயே இருக்கும் பாருங்க, நீங்களே வாசிச்சுக்கோங்க. வயசு அறுவத்தொண்ணு. போன ஆடி மாசம் விழுந்தாரு. வலது கை, வலது கால், பேச்சு. பதினோரு மாசம் ஆச்சு. முதுகுல ஒரு புண்ணு கெடையாது, பெரிய டாக்டரே என்னையக் கூப்பிட்டுக் காட்டி மத்தவங்ககிட்ட சொன்னாரு, இந்தம்மா மாதிரிப் பாத்துக்கணும்னு. எட கொறஞ்சிருக்குறது எனக்கும் தெரியும். தூக்கிப் பொரட்டுறவ நாந்தான? ஆறு கிலோ. தை மாசத்துலருந்துதான் கொறையுதா? இருக்கும். பனி அவருக்கு ஒத்துக்கிடாது.

ஏன் கை வரலன்னு கேட்டா நான் ஒரு சினிமாவச் சொல்லணும். சிரிக்கக் கூடாது.

பொங்கலுக்கு எம்மக வினோதினி கோயமுத்தூர்லருந்து வந்திருந்தா. அங்க டீச்சரா இருக்கா. ‘ஆறு மாசமா நீ வாசப்படி தாண்டலம்மா, ஒரு நாளு நான் அப்பாவப் பாத்துக்கிடுறேன், நீ எங்கயாச்சும் போயிட்டு வா’ன்னா. எங்க போறது? தியேட்டர் போஸ்டர்ல வெள்ளச்சேல கட்டுன ஒருத்தி கையில அகல்வெளக்கோட நின்னா. சாமி படம்னு நெனச்சுட்டோம். பாக்கியம் தலைக்குக் குளிச்சு, நெத்தி நெறையத் துண்ணூறு பூசிக்கிட்டு வந்தா. காலை ஆட்டத்துக்குப் போனோம். உள்ள போனா பூரா ஆம்பளப் பயலுக. அப்பவே முழிச்சிருக்கணும். படம் ஆரம்பிச்சுப் பத்து நிமிசம்கூட ஆகல, அந்த அகல்வெளக்க வச்சே ஒருத்தனக் கொளுத்துனா. பாக்கியம் ‘முருகா’ன்னு கத்தி முந்தானைய மூஞ்சியில போட்டவ, எடவேள வரைக்கும் எடுக்கல. எடவேளையில வீட்டுக்குப் போயிட்டா.

நான் போகல.

படத்துக்கு என்னமோ பேரு வச்சிருக்கான். யாரு ஞாபகம் வச்சா? ஊரெல்லாம் வெள்ளச்சேல படம்னுதான் சொன்னாங்க. கத இம்புட்டுத்தான். ஒரு பெரிய வீட்டுல ஒருத்தி வேலைக்கு நிக்கா. இருவது வருசமா அந்த வீட்டுல எல்லாரும் அவள ‘ஏ புள்ள’ன்னுதான் கூப்பிடுறது. ஒரு நாளு அவ இருந்த குடிசைக்குத் தீ வச்சுருதாங்க, உள்ள அவ பிள்ள இருக்கு. அதுக்குக் காரணமான அஞ்சு பேர அவ ஒவ்வொருத்தனாத் தேடிப் போயிக் கொல்லுறா. படம் முழுக்க அவ வேற ஒரு வார்த்த பேச மாட்டா. கொல்லுறதுக்கு முன்ன ஒரே ஒரு கேள்வி மட்டும் கேப்பா. ‘எம் பேரு என்ன?’

ஒருத்தனுக்கும் தெரியாது.

ஒருத்தன் காமாட்சிங்கான், ஒருத்தன் லச்சுமிங்கான், பயத்துல வாய்க்கு வந்ததச் சொல்லுறான். அவ காத்துக்கிட்டு நிப்பா. அவசரப்பட மாட்டா. அந்த நிக்கிற நெலதான் சிஸ்டர் எனக்குப் பிடிச்சது. கொலையில்ல. கொலையில என்ன இருக்கு, கோழி அறுக்குறத தெனம் பாக்குறோம்.

அப்புறம் அந்தக் கலரு. எடுத்தவன் லேசுப்பட்டவன் இல்ல. மொத ஆளு அரிசி மில்லுல, தவுட்டுத் தூசி வெளிச்சத்துல பறக்கும். ரெண்டாவது மஞ்சக் கெடங்கு, எல்லாமே மஞ்ச, அவன் கண்ணு முழிகூட மஞ்ச. மூணாவது ஆள உப்பளத்துல போட்டுத் தள்ளுவா, கண்ணு கூசும். நாலாவது சாயப்பட்டறை, நீலத் தண்ணி. ஒவ்வொரு எடத்துலயும் அந்தந்த நெறம் அவ சேலையில ஒட்டிக்கிடும். அவ தொவைக்க மாட்டா. அதே சேலையோடதான் அடுத்தவங்கிட்டப் போவா. அஞ்சாவது ஆளுகிட்டப் போறப்ப அத வெள்ளச்சேலைன்னு யாரும் சொல்ல முடியாது.

அஞ்சாவது எடம் வத்தக் கெடங்கு. மலை மலையா மொளகா வத்தல். நான் இங்க விருதுநகர்ல பதினாறு வருசம் வத்தல் காம்பு கிள்ளப் போனவ, எனக்கு அதப் பாத்ததும் கை எரிஞ்சுருச்சு. ரத்தம் சிந்துது, ஆனா தெரியல. வத்த நெறமும் ரத்த நெறமும் ஒண்ணாப் போச்சு. அவ்வளவு பெரிய கொலைய நடத்திட்டு அதக் கண்ணுல காட்டாம மறைச்சுட்டான் பாத்தீங்களா? அவன் கெட்டிக்காரன். ஒரே ஒரு தப்பு பண்ணிட்டான். அம்புட்டு வத்தலுக்கு நடுவுல ரெண்டு பேரும் ஒரு தும்மல் போடல. அது நடக்கவே நடக்காது. கொல்ல வந்தவளும் தும்முவா, சாகப் போறவனும் தும்முவான்.

சண்ட வந்தது அந்த அஞ்சாவது ஆளாலதான். தியேட்டர்லயே பாதிப் பேரு விசிலடிக்காங்க, பாதிப் பேரு திட்டிக்கிட்டே எந்திரிச்சுப் போறாங்க. என்னன்னா, அந்த அஞ்சாவது ஆளு அந்த வீட்டு டிரைவர். தீ வச்சது அவன் இல்ல. பாத்துக்கிட்டு நின்னவன். அவங்கிட்டயும் அவ கேக்கா, ‘எம் பேரு என்ன?’ அவன் அழுதுக்கிட்டே சொல்லிருதான். சரியான பேரச் சொல்லிருதான்! ஆனா நமக்குக் கேக்காது. அந்த எடத்துல சத்தத்த நிறுத்திட்டான். வாய் மட்டும் அசையுது. அவ கண்ணுல தண்ணி. அப்படியே நிக்கா, நிக்கா, நிக்கா. சரி, விட்டுருவான்னு நாம நெனைக்கிறப்ப வெட்டிருதா.

எம்மக அதப் போன்ல பாத்துட்டு என்னையப் பிடிச்சு ஏசுனா. ‘அவன் நல்லவன்மா, அவன் ஒருத்தனுக்குத்தான் அவ பேரு தெரிஞ்சிருக்கு, அவனப் போயி வெட்டுறாளே, இது என்ன நியாயம், இதப் போயி நீ திரும்பத் திரும்பப் பாக்குற, இந்தப் படத்தத் தடை பண்ணணும்’னா. படிச்ச பிள்ள. நான் சொன்னேன், ‘போடி. தெரியாதவன்கூடப் பரவால்ல. தெரிஞ்சே ஏ புள்ளன்னு கூப்பிட்டவன என்ன செய்யிறது?’ அவளுக்கு வெளங்கல. அவ புருசன் அவள வினு வினுன்னு கூப்பிடுறான், அவளுக்கு எப்படி வெளங்கும்?

ஆமா சிஸ்டர். அதுக்குத்தான் வாரேன்.

எங்க வீட்டுக்காரரு ரேஷன் கடையில பில் போடுறவரு. முப்பது வருச சர்வீசு. எழுநூத்திச் சொச்சம் கார்டு. ஒரு கார்டக் கையில வாங்கிப் பாக்க மாட்டாரு, மூஞ்சியப் பாத்தே பேரச் சொல்லுவாரு. ‘பேச்சியம்மா, ரெண்டு கிலோ சீனி. மாரிக்கனி, பருப்பு வந்திருக்கு. சண்முகவடிவு, மக எப்படி இருக்கா?’ பொம்பளைங்களுக்கு அவரக் கண்டா அம்புட்டுப் பிரியம். ‘அண்ணாச்சிக்கு என்ன ஞாபகம், என்ன ஞாபகம்’பாளுக. ஒரு தீவாளிக்கு நானும் வரிசையில நின்னேன். எனக்கு முன்ன குருவம்மா. ‘குருவம்மா, பை கொண்டு வந்தியா’ன்னாரு. அடுத்து நான். நிமுந்து பாத்தாரு. ‘இந்தா, நகந்து நில்லு’ன்னாரு. வரிசையே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

அவருக்கு நான் ‘இந்தா’. இருவத்தெட்டு வருசமா இந்தா. இந்தான்னா என்ன சிஸ்டர்? கையில ஒண்ணக் குடுக்கையில சொல்லுற வார்த்த. அவரு எனக்கு எதையும் குடுக்கையில சொல்லல, கூப்பிடத்தான் சொன்னாரு. கர்ப்பப்பை ஆபரேசனுக்கு என்னையக் கொண்டுபோனப்ப சீட்டு எழுதுறவங்க ‘பேஷண்ட் பேரு என்ன’ன்னு கேட்டாங்க. நான் ஸ்ட்ரெச்சர்ல கெடக்கேன். இவரு முழிச்சாரு. ‘எங்க வீட்டுல’ன்னாரு. அதுவா பேருன்னு திரும்பக் கேட்டாங்க. இவரு என்னையப் பாக்காரு. நாந்தான் படுத்துக்கிட்டே சொன்னேன். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இந்த மனுசனுக்கு என் பேரு மறந்தே போச்சுன்னு. பாவம், எழுநூறு பேரு இருக்குற மண்டையில எடமில்லாமப் போச்சுன்னு. அப்படி நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்.

அடிச்சாரான்னு கேக்காதீங்க. அடிச்சதில்ல. குடிச்சதில்ல. அதச் சொல்லணும்ல.

விழுந்த பொறவு பேச்சு எல்லாம் போச்சு. ஒரே ஒரு வார்த்த மிச்சம். என்னன்னு நினைக்கீங்க? இந்தா. தண்ணி வேணும்னாலும் இந்தா, வலிச்சாலும் இந்தா, அழுதாலும் இந்தா. மதுரையில பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு சொன்னா, சில பேருக்கு அப்படி ஒரு வார்த்த மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குமாம். ‘நீங்க கேள்வி கேளுங்கம்மா. சுலபமான கேள்வி. வீட்டுல உள்ளவங்க பேரக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுமையாக் காத்திருங்க’ன்னா. புரட்டாசி மாசம் சொன்னது. நானாவா செஞ்சேன்? ஆஸ்பத்திரியில சொன்னததான செஞ்சேன்?

கரண்டியில கஞ்சிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டுக் கேப்பேன். ‘எம் பேரு என்ன?’ அவரு வாயத் தெறப்பாரு. ‘இந்தா’ம்பாரு. நான் காத்துக்கிட்டு இருப்பேன். கோவப்படுறது கெடையாது. சத்தம் போடுறது கெடையாது. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி பொறுமையா இருப்பேன். கால் மணி நேரம். சில நாளு அர மணி நேரம். அப்புறம் குடுத்துருவேன். குடுக்காம விட்டதில்ல! ஆறிப்போன கஞ்சிய அவரு துப்பிருவாரு, அதுக்கு நான் என்ன பண்ண?

இல்ல, புரட்டாசியில சும்மாதான் கேட்டேன். கரண்டியில்லாம. தை மாசத்துலருந்துதான் கரண்டியோட. அப்பத்தான எனக்கு எப்படிக் கேக்கணும்னு தெரிஞ்சது.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? பழிவாங்குறதெல்லாம் எனக்குப் பிடிக்காது சிஸ்டர். அதெல்லாம் சினிமாவுல பாக்க நல்லாருக்கும்.

நான் அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனான்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. புருசன் பேர எவளாச்சும் சொல்லுவாளா? இந்தாங்கன்னுதான் கூப்பிடுவேன். அது வேற, இது வேற. இதுல ‘ங்க’ இருக்குல்ல?

படம் போன்ல வந்ததுலருந்து மத்தியானம் அவரு படுத்திருக்கிறப்ப கட்டில் பக்கத்துல உக்காந்து பாப்பேன். நாப்பது தடவ இருக்கும். கடைசிப் பகுதி மட்டுந்தான் பாப்பேன், வத்தக் கெடங்குலருந்து. அந்த அஞ்சாவது ஆளு வாயசைக்கிறத நிறுத்தி நிறுத்திப் பாப்பேன். என்ன பேரு சொல்லுறான்? போன்லயே அதுக்கு ஊரு பூரா அடிச்சுக்கிடுறாங்களாம். எம்மக சொன்னா, ஒருத்தன் செல்லம்மாங்கானாம், ஒருத்தன் அதெல்லாம் ஒண்ணுமில்ல, நடிகருக்குச் சும்மா வாயசைக்கச் சொன்னாங்கங்கானாம். எனக்கு மட்டும் தெரியும். மொத எழுத்துக்குப் பல்லு தெரியுது. அடுத்து வாய் தெறக்குது. அப்புறம் ஒதடு குவியுது. என் பேருக்கு அப்படியே பொருந்துது. சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல.

செவ்வாக்கிழமையும் அப்படித்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மத்தியானம் ரெண்டு மணி. அவரு முழிச்சுத்தான் கெடந்தாரு, நான் திரும்பிப் பாக்கல. போன்ல அவ கேக்கா, ‘எம் பேரு என்ன?’ சத்தம் நிக்குது. அவன் வாய் அசையுது. பேரு கேக்குது.

கேக்குது சிஸ்டர்! நாப்பது தடவ கேக்காத பேரு, என் பேரு, காதுல விழுது. நான் போன்தான் பேசுதுன்னு நெனச்சேன். போனக் காதுல வச்சுப் பாத்தேன். அப்புறம்தான் திரும்புனேன். இவரு என்னையவே பாத்துக்கிட்டுக் கெடக்காரு. கோணுன வாயில எச்சி வழியுது. திரும்பவும் சொன்னாரு.

இத்தன நாளும் அவரும் கேட்டுக்கிட்டுத்தான கெடந்திருக்காரு? அந்தச் சத்தமில்லாத எடம் எப்ப வரும்னு எனக்குத் தெரியுற மாதிரி அவருக்கும் தெரிஞ்சிருக்கும்ல? பசியில சொன்னாரா, படத்துக்குப் பதில் சொன்னாரா, எனக்குத்தான் சொன்னாரா, யாரக் கேக்க?

நீங்க என்ன நினைப்பீங்க, நான் அழுதிருப்பேன், கட்டிப் பிடிச்சிருப்பேன்னு. எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஏன்னா மறக்கலல்ல? மறக்கவே இல்ல அவரு! ரேஷன் வரிசையில நின்னப்பவும் தெரிஞ்சிருக்கு. ஸ்ட்ரெச்சர்ல கெடந்தப்பவும் தெரிஞ்சிருக்கு. எழுநூறு பேருக்கு அடியில எங்கயோ பத்திரமா வச்சிருந்திருக்காரு. மறந்தவர மன்னிச்சிருந்தேன் சிஸ்டர். ரொம்ப வருசத்துக்கு முன்னயே மன்னிச்சிருந்தேன். இவர என்ன செய்ய?

கஞ்சிய அடுப்பு மேடையிலயே வச்சுட்டு வெளிய வந்து இந்த எடத்துல உக்காந்துட்டேன். பாக்கியந்தான் வந்து ஊட்டுனா. அன்னையிலருந்து இந்தா போயிருச்சு, இப்ப என் பேருதான். தண்ணிக்கும் அதான், வலிக்கும் அதான், ஈ உக்காந்தாலும் அதான். இன்னைக்குக் காலையில துணி மாத்துறப்ப கணக்கில்லாமச் சொன்னாரு. இருவத்தெட்டு வருசமா இதக் கேக்கணும்னு நெனச்சவ நான். ரெண்டே நாள்ல அலுத்துப்போச்சு. என் பேரும் இந்தா மாதிரி ஆயிருச்சு.

அந்தப் படத்துல அவ வத்தக் கெடங்கவிட்டு வெளிய வந்து நடந்து போவா. வெயிலு. அழுக்குச் சேல. திரும்பிப் பாக்க மாட்டா. அதோட படம் முடிஞ்சிரும். என்ன அழகா இருக்கும் தெரியுமா அந்த நட? ஆனா அவளுக்கு நாளைக்குக் காலையில யாருக்கும் துணி மாத்த வேண்டியதில்ல. எனக்கு இருக்கு. நாளைக்கும் இருக்கு, அடுத்த நாளும் இருக்கு. ரொம்பச் சலிச்சுப்போச்சு சிஸ்டர். காத்துக்கிட்டு நிக்கிறது படத்துல மூணு நிமிசம். நெசத்துல கால் கடுக்குது.

என்ன எழுதுறீங்க? பட்டினி போட்டாங்கன்னா? எழுதுறதுன்னா எழுதுங்க. இல்லையா? அப்புறம்? பாத்துக்கிடுறவங்க பேரா?

முன்னாடி வந்தவங்க என்ன எழுதியிருக்காங்க? ‘மனைவி’யா. மாசா மாசமா? பதினோரு மாசமும்? சரிதான். அவங்க நல்ல பிள்ளதான், அவங்க கேக்கல, நானும் சொல்லல.

பேரு வேணுமாக்கும். உள்ள கேக்குதுல்ல? அத அப்படியே எழுதிக்கோங்க. இருங்க, அப்படியே எழுதிராதீங்க. செயக்கொடி இல்ல, ஜெயக்கொடி. அவருக்கு ‘ஜெ’ வரல. நாக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கிச்சு. பாவம், ஒவ்வொரு தடவையும் முக்கி முக்கித்தான் சொல்லுறாரு, நானும் காலையிலருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க ‘ஜெ’ போட்டு எழுதுங்க. ம். எங்க, காட்டுங்க. நல்ல கையெழுத்து உங்களுக்கு.

பாக்கியத்தக் கூப்பிட வேணாம் சிஸ்டர். கஞ்சி இன்னும் ஆறல, தொட்டுப் பாருங்க. நீங்களும் உள்ள வாங்க. கேள்வி ஒண்ணும் கேக்க மாட்டேன், பயப்படாம வாங்க.

கேக்குது, கேக்குது, செவிடு இல்ல நான். வந்துட்டேன். எச்சிய மொதல்ல தொடச்சுக்கிடுவோம். ம்.

இந்தாங்க. வாயத் தெறங்க.